மூன்றடுக்குக் கண்ணாடி

எங்கள் தெருவில் ஹில்ட்ரூடுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. பனி கொட்டும் காலையிலும் ஜன்னல்களை விரியத் திறந்து, போர்வைகளை வெளியே தொங்கவிட்டு, வீட்டுக்குள் காற்றோட விடுவாள். ஜெர்மனியில், எங்கள் ஹோல்ட்ஸ்மிண்டன் ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான், அவளுக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. நான் ஒரு நாள் திறக்காவிட்டால் போதும், "உள்ள என்ன செத்தா கெடக்கீங்க? தொறங்கடி!" என்று தெருவிலிருந்தே கத்துவாள்.

அவள் கணவர் எக்பெர்ட் அதிர்ந்து பேசாத மனிதர். ஆலைத் தூசி அவர் நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தது. பழைய மரச் சட்டங்களின் இடுக்கில் குளிர் புகுந்தால் இருமல் நிற்காது. குளிர்காற்று ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னார். மறுநாளே ஹில்ட்ரூட் புது ஜன்னல் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

"உங்க வீடு பழசும்மா, வெறும் செங்கல் சுவர். ரெண்டடுக்குக் கண்ணாடி போதும்" என்றார் கடைக்காரர். நானும் கூடத்தான் போயிருந்தேன், நானும் சொன்னேன்.

"உன் புருஷனா இருமுறான்? பேசாம இரு" என்று என் வாயை அடைத்தாள். அவளுக்கு எக்பெர்ட் என்றால் உயிர். மூன்றடுக்குக் கண்ணாடி, சுற்றிலும் ரப்பர், எறும்புகூட நுழைய முடியாது.

வீடு கதகதவென்றிருந்தது. தினமும் காலையில் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துடைக்கும் வேலையும் போயிற்று. அதன்பின் தெருவே நம்பாத காரியம் ஒன்றைச் செய்தாள்: ஜன்னல் திறப்பதையே விட்டுவிட்டாள்.

"என்னடி, உள்ள செத்தா கெடக்கீங்க?" என்று சீண்டினேன்.

"உள்ள இருக்குற சூட்டை நானே வெளிய தொரத்தவா? போடி வேலையப் பாத்துக்கிட்டு."

எக்பெர்ட்டின் இருமல் குறையவில்லை, கூடியது. எங்கோ காற்று கசிகிறது என்று சட்டங்களின் ஓரமாக மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்த்தாள். சுடர் அசையவில்லை. கடைசியில் பெருக்குவதற்காகக் கட்டிலை நகர்த்தியபோது, அவர் தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. மற்ற அறைகளிலும் அலமாரிகளுக்குப் பின்னால் அதே கதை.

பார்க்க வந்த பொறியாளர் கண்ணாடியைத் தட்டினார். "முன்னாடி வீட்டு ஈரமெல்லாம் பழைய கண்ணாடியில படிஞ்சுது. இப்ப சுவர்தான் இதைவிடக் குளிர்ச்சி, அங்க போய்ப் படியுது. சுவருக்கு வெளிப்பக்கமா குளிர் தாங்குற காப்புப் பலகை போடணும். இந்தப் பனியில முடியாது, வசந்தத்துலதான். அதுவரைக்கும் அடிக்கடி ஜன்னலைத் தொறந்து விடுங்க."

அன்று மாலை நான் சூப் கொண்டுபோனபோது, அவள் ஜன்னல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். திறந்தால் குளிர், மூடினால் பூஞ்சை.

"எக்பெர்ட், தொறக்கட்டுமா? வேணாமா? நீயே சொல்லு."

அவள் யாரிடமும் யோசனை கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, பிரியமாகச் சிரித்தார்.

"என்னை எதுக்கு கேக்குற கண்ணு? எனக்கு எது நல்லதுன்னு உனக்குத்தானே தெரியும்."

அவள் உடைந்து அழுதாள். கை மட்டும் கைப்பிடியிலேயே இருந்தது, திருப்பவும் இல்லை, விடவும் இல்லை.