வானத்தை அழித்த ஓவிய டீச்சர்

பச்சை, பழுப்பு, நீலம் என்று கலர் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பிய ஒரு கிராஃப் தாள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் அது எங்கள் பள்ளி இருந்த புதூர்நாட்டுக்கு ஏறும் மலைப்பாதை. கிட்டே போனால் வெறும் கட்டங்கள். வரைந்தவர் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை. எண்பதுகளின் கடைசியில், மலைமேல் இருந்த அந்த விடுதிப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. போளூர்க்காரரான அவரும் நானும் ஒரே குடியிருப்பில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். ஆனாலும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டதில்லை. அவருக்கு நான் கணக்கு டீச்சர், எனக்கு அவர் ஓவிய டீச்சர்.

அந்த வருஷம் பள்ளிக்கு ஒரு கணினி வந்தது. தட்டச்சுப் பொறி மாதிரி ஒரு பெட்டி, ஒரு டி.வி., நிரலைக் கேசட்டில் பதிந்து வைக்க ஒரு டேப் ரிக்கார்டர். கீழே போய்ப் பயிற்சி எடுத்து வந்தவள் நான் ஒருத்திதான். பிள்ளைகளோ ஏதாவது கெட்டுவிடுமோ என்று பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சில மாதம் கழித்துத் தலைமை ஆசிரியர் திருப்பத்தூர்க் கூட்டம் ஒன்றிலிருந்து வாடிய முகத்தோடு திரும்பினார். "மலைப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறாங்க டீச்சர். ஆபீசர் வந்து பாக்கப் போறாராம். பசங்க கையில அது ஓடலன்னா, டவுன் ஸ்கூலுக்குத் தூக்கிக்கினு போய்டுவாங்க" என்றார்.

பயத்தைப் போக்க விளையாட்டுதான் வழி என்று எனக்குப் பட்டது. ஜீப் ஒன்று மலை ஏற வேண்டும். வளைவுகளில் இடம் வலம் திருப்பிப் பள்ளத்தில் விழாமல் ஊர் போய்ச் சேர வேண்டும். எனக்கு வரையத் தெரியாது. இரண்டு கோடு போட்டேன், அதுதான் பாதை. நடுவில் ஒரு சதுரம், அதுதான் ஜீப். விசையை அழுத்தியதும் சட்டென்று திரும்பியது. பிள்ளைகள் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர் இது, எறும்பு ஊருதா?" என்று கேட்டார்கள். ஒரு நாள் ஆடினார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள்.

அதைக் கேட்டுத்தான் ஓவிய டீச்சர் கிராஃப் தாளோடு உட்கார்ந்தார். பல வாரம் சாயங்காலங்களில் அவர் கட்டத்தை நிரப்ப, நான் ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணாக மாற்றி உள்ளே ஏற்றினேன். திரையில் எங்கள் மலை எழுந்தபோது எனக்கே சிலிர்த்தது. மேலே நீல வானம், அதில் மேகம், சரிவில் சாமைக் கொல்லை. "ஐயோ, நம்ம மலை!" என்று விடுதியே ஓடி வந்தது. ஆனால் அந்த இயந்திரத்தின் நினைவகம் மிகச் சின்னது. நிறங்களே அதில் பெரும்பங்கைத் தின்றுவிட்டன. மிச்ச இடத்தில் என் நிரல் மூச்சுத் திணறியது. விசையை அழுத்தினால் ஜீப் யோசித்துவிட்டுத் திரும்பியது. அதற்குள் பள்ளம் வந்துவிடும். சீக்கிரமே படத்தைப் பார்க்கத்தான் பிள்ளைகள் வந்தார்கள், விளையாட யாரும் உட்காரவில்லை.

வானத்தை எடுத்துவிடலாம் என்று ஓவிய டீச்சரிடம் சொன்னேன். "வானம் இல்லாம மலையா? நீங்க கணக்கப் பாருங்க டீச்சர், படத்த வுட்டுடுங்க" என்றார். அதன்பின் ஒரே அடுப்படியில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிச் சமைத்தோம். அதிகாரி வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். டி.வி. பக்கத்தில் நாற்காலி போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விளையாடும் பிள்ளைகளின் முகத்தையே பார்த்தார். பொழுது சாய என்னிடம் வந்தார். "அதுங்க வானத்தப் பாக்கவே இல்ல டீச்சர். கண்ணு அடுத்த வளைவுலதான் நிக்குது. எடுத்துடுங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் அழித்தபோது மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேகம் போயிற்று, கொல்லை போயிற்று, நிறங்களும் போய்க் கறுப்பு வெள்ளை மட்டும் மிஞ்சியது. ஜீப் துள்ளிக்கொண்டு ஓடியது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும். கடைசி வளைவுல பலா மரம்" என்றார். இடமில்லை என்றேன். "மரத்தப் பாத்தாதான் வூடு வந்துட்ச்சின்னு தெரியும். அது தெரியலன்னா எதுக்கு ஏறணும்?" என்று கேட்டார். என் பழைய சதுரத்தைப் பிள்ளைகள் ஏன் மறந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிரலை வரி வரியாகச் சுருக்கி, மரத்துக்கு இடம் பண்ணினேன்.

அதிகாரி வந்த அன்று மின்சாரம் மங்கிக்கொண்டிருந்தது. கேசட் முதலில் ஏறவில்லை. மறுபடி சுற்றிப் போட்டபோது ஏறியது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்து, வளைவு வளைவாக ஜீப்பை ஏற்றி ஊரில் கொண்டு நிறுத்தினாள். அதிகாரி கைகட்டி நின்றார். "படமே இல்லியே? மெட்ராஸ்ல வெளிநாட்டு கேம் பாத்தேன், என்னா கலரு தெரியுமா!" என்றார். அந்தப் பெண் எழுந்து இடம் விட்டாள். "நீங்க ஓட்டிப் பாருங்க சார்."

உட்கார்ந்தவர் முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தார். சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார், விழுந்தார், சிரிப்பு நின்றது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஜீப் திரும்பும் பக்கமெல்லாம் உடம்பும் சாய்ந்தது. "லெஃப்டு சார், லெஃப்டு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தது அவர் காதில் விழவில்லை. "மரம் வந்துட்ச்சி!" என்று கத்தினாரே, அவ்வளவு பெரிய மனிதர்! எழுந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம், "இது இங்கியே இருக்கட்டும் சார்" என்றார்.

இன்று என் மகன் ஆடும் விளையாட்டுகளில் இலை நுனியில் பனித்துளிகூடத் தெரிகிறது. அழகுதான், நானும் ரசிக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவன் கண் அடுத்த திருப்பத்துக்குப் போய்விடுவதையும் பார்க்கிறேன். அப்போதெல்லாம் ஓவிய டீச்சர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வரும்.

அன்று அதிகாரியின் வண்டி மலை இறங்கிப் போனதும் ஓவிய டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பசிக்குது டீச்சர்." காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. விடுதியிலிருந்து சாமைச் சோறு வாங்கி வந்தேன். தட்டு நிறையச் சாப்பிட்டார், இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் போனார். பக்கத்தில் அடுத்து யார் ஆடுவது என்று பிள்ளைகள் சண்டை போட்ட சத்தம்கூட அவரை எழுப்பவில்லை. ஓவிய வகுப்புக்கு மணி அடித்தது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானே போய்க் கரும்பலகையில் ஒரு பசு மாடு வரைந்தேன். "நாய்க்கு எதுக்கு டீச்சர் கொம்பு?" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது, பல வாரம் கழித்து நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.