இறால் என்று போன பொதி

சிறிதரன் குசினித் தரையில் சரிந்து கிடந்தபோது ரஞ்சினி முதலில் அவரை ஏசினாள். "விளையாடினது காணும், எழும்புங்கோ. வேலைக்கு நேரமாச்சு" என்றாள். அடுப்பில் பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சில கணங்களைப் பற்றி அவள் பிறகு எவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் விளங்காது. விளங்கவைக்கவேண்டுமென்றால் பாம்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அதைச் சொல்லவே கூடாது.

சிறிதரன் வீடுகளுக்குக் குளிரூட்டும் ஏசி இயந்திரம் திருத்துகிறவர். வென்ட்வேர்த்வில், மெரிலேண்ட்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அவர் ஏறாத கூரை குறைவு. பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கூரைக்குள் தவழ்ந்தபோது, புழுதி படிந்த குழாயின் மேல் சுருண்டு கிடந்த மலைப்பாம்பு ஒன்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. வேறொருவர் ஏணியோடு விழுந்திருப்பார். இவர் டோர்ச்சை அணைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தாராம். அடுத்த மாதமே அனுமதிப்பத்திரம் எடுத்து, முறைப்படி ஒரு மலைப்பாம்பை வாங்கி வளர்க்கத் தொடங்கினார். கதை ஊருக்குள் பரவியது. பேசி வந்த சம்பந்தங்களில் இரண்டு மூன்றை அந்தப் பாம்பு விழுங்கிவிட்டது என்று சனம் சொல்லிச் சிரித்தது.

நாற்பது கடந்த பிறகுதான் ரஞ்சினியின் பேச்சு வந்தது. அவளுக்கும் வயது போய்க்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: ஒன்றில் நான், இல்லாவிட்டால் பாம்பு. அவர் மறுபேச்சில்லாமல் மலைப்பாம்பைப் பாம்பு வளர்ப்போர் சங்கத்து நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அவள் வந்து இறங்கியபோது கராஜில் ஒரு வெறும் கண்ணாடிப் பெட்டிதான் இருந்தது. அதைக் கண்டு அவளுக்கே மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சின்னனாய் ஏதாவது என்றால் பரவாயில்லை என்று அவளே ஒருநாள் வாய்விட்டுவிட்டாள்.

அந்தச் சின்னன்தான் வந்தது. ஒரு சோடிச் சின்னப் பாம்புகள். முழங்கை நீளம், தென்னம்பொச்சு நிறம், மேல்நோக்கி வளைந்த மூக்கு. மண்ணைக் கிண்டுவதற்கென்றே வைத்துவிட்ட சின்ன மண்வெட்டி போல. சிறிதரன் அவற்றைப் பன்றிமூக்கன், பன்றிமூக்கி என்று கூப்பிட்டார். கராஜின் பின்னாலிருந்த சிற்றறையில் வைத்து வளர்த்தார். முதல் நாள் ரஞ்சினி கதவோரம் நின்று எட்டிப் பார்த்தபோது பன்றிமூக்கன் நாகம் போலக் கழுத்தை விரித்துச் சீறியது. அவள் அலறியதும் அது அவளைவிடப் பயந்து, துடித்துப் புரண்டு, வயிறு மேலே தெரிய மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்துப்போனது. நாற்றம் வேறு. தன்னால் ஒரு சீவன் போய்விட்டதே என்று அவள் கண்கலங்கினாள்.

"நடிக்கிறாரப்பா" என்றார் சிறிதரன். விரலால் அதை நிமிர்த்தி வைத்தார். அது உடனே மறுபடியும் மல்லாந்தது. செத்தது மல்லாந்துதான் கிடக்கவேண்டும் என்பது அதன் கட்சி. ஆள் போய்விட்டது என்று தெரிந்ததும் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்து, எழும்பித் தன்பாட்டில் போனது.

அன்றிலிருந்து வீட்டில் அது ஒரு விளையாட்டு. குப்பையை வெளியே வைக்கவில்லை, சட்டையை மடிக்கவில்லை என்று அவள் ஏசத் தொடங்கினால் சிறிதரன் இருந்த இடத்திலேயே சரிந்து, மல்லாந்து, நாக்கைத் தொங்கவிடுவார். நிமிர்த்தினால் மறுபடியும் மல்லாந்துவிடுவார். அவள் சிரிக்கும்வரை எழும்பமாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் அவள் குப்பைக்காகத்தான் ஏசிக்கொண்டிருந்தாள்.

அம்புலன்ஸ்காரர் வந்து, மாரடைப்பு என்று சொல்லிப் போய், எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய அழுகைக்குள்ளே ஒரு பயம் ஆணிபோல் இறங்கியது. அந்தப் பாம்புகள் இந்த நாட்டில் இருக்கக்கூடாதவை. அது அவளுக்குத் தெரியவந்ததே போன தீபாவளிக்குத்தான். தனக்குப் பாம்புப் பயம் போய்விட்டது என்ற பெருமையில் வந்த விருந்தாளிகளுக்குக் காட்டப்போனவளைச் சிறிதரன் கையைப் பிடித்து நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். இது அமெரிக்கச் சாதி. இஞ்ச வச்சிருந்தால் பிடிச்சு மறியலுக்குள்ள போட்டிடுவாங்கள்." ஒரு கண்காட்சியின் கார்த் தரிப்பிடத்தில் வாங்கியதாம். ஏன் வாங்கினீர்கள் என்று அவள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஒரு குழந்தையினது போலிருந்தது. இரண்டும் பார்வைக்கு வெறும் மண்ணிறம். ஆனால் இரண்டின் இரத்தத்திலும் ஊதா நிறம் ஒளிந்திருக்கிறதாம். சேர்த்துவிட்டால் நாலு குஞ்சில் ஒன்று ஊதாவாகப் பிறக்கலாமாம், கண் மாதுளம்முத்துப் போலச் சிவப்பாக. "ஒருக்கால் பாத்துப்போட்டு எல்லாத்தையும் ஒப்படைச்சிடுறன்" என்றார். அதற்குப் பிறகு முட்டையும் வந்துவிட்டது. மீன்கடையில் ஐஸ் போட்டுத் தருகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றில், ஈர மணலுக்குள் முட்டைகளைப் புதைத்து, ஒரு சூட்டு விளக்கையும் பழைய ஏசியிலிருந்து கழற்றிய சூட்டுக் கட்டுப்பாட்டையும் பொருத்தி, அடைகாக்கும் பெட்டி செய்திருந்தார். இந்தக் கிழமை பொரிக்கும் என்று காத்திருந்தார்.

அவளுடைய நிரந்தர விசா இன்னும் கைக்கு வரவில்லை. அன்று மத்தியானமே வழக்கறிஞர் லக்ஷ்மிப்ரியா தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். கணவர் இறந்தாலும் விண்ணப்பம் நடக்கும், வாய்ப்பு நல்லாகவே இருக்கிறது, உங்கள் பெயரில் ஒரு பொலிஸ் முறைப்பாடும் இல்லாமல் இருந்தால் சரி என்றார். ரஞ்சினி தொலைபேசியைப் பிடித்தபடி கராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போனால் அவளுக்கு இருந்தது தம்பி வீட்டு முன்னறை. அதுவும் தம்பி மனைவியின் முகத்தைப் பொறுத்தது.

சிற்றறையைப் பூட்டி, அதன் திறப்பை, அந்தச் சின்னச் சாவியை, கைக்குள் பொத்திக்கொண்டாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோதும் கை திறக்கவில்லை.

பொழுதுபட சிவனேஸ்வரி அன்ரி வந்தார். சிறிதரனுக்குத் தூரத்து மாமி முறை. செத்தவீடு என்றால் அவர்தான் முன்நின்று நடத்துவார், யாரும் கேட்கவேண்டியதில்லை. வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். சாவுத் துடக்கு வீட்டில் எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இருக்கக்கூடாது. விளைமீன், நண்டு, கோழி என்று எல்லாவற்றையும் இரண்டு பைகளில் போட்டு, அப்போதுதான் அழுதுவிட்டுப் புறப்பட்ட மரியமலர் கையில் கொடுத்தார். மரியமலர் மன்னார்க்காரி, வேதக்காரி, கத்தோலிக்கச் சமயம். மெரிலேண்ட்ஸில் இருப்பவள். துடக்குக்கு உட்படாதவள். "தவக்காலமல்லோ பிள்ளை, வெள்ளிக்கிழமைக்கு ஆகும். றாலும் கிடக்கு" என்று அன்ரி சொன்னது ரஞ்சினியின் காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை.

அடுத்த நாள் மத்தியானம்தான் அது மூளைக்குப் போனது. அவள் வீட்டில் இறால் இருக்கவில்லை.

குஞ்சுகளுக்கென்று சிறிதரன் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த எலிக்குஞ்சுகள்தான் இருந்தன. ரோமம் முளைக்காத, இளஞ்சிவப்பான, உறைந்துபோன சின்னக் குஞ்சுகள். கடைப் பொதியில் பாம்புப் படம் இருந்ததால் ரஞ்சினிதான் பயத்தில் அவற்றை எடுத்து, பழைய இறால் பையில் போட்டு, மீனுக்கு அடியில் மறைத்து வைத்தாள். உறைந்தால் உரித்த இறால் போலத்தான் இருக்கும். கெட்டித்தனம் என்று நினைத்துச் செய்தது.

தேடினாள். தட்டுகளை இழுத்துப் பார்த்தாள். வெறும் பனி. மரியமலரின் கணவர் சூசைதாசனுக்கு விமான நிலையத்தில் பொதி இறக்கும் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்களைச் சோதிக்கிற குவாறன்ரீன்காரரோடு ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறவர். யாருடைய பெட்டிக்குள் கருவாடு பிடிபட்டது, யாருக்கு எவ்வளவு தண்டம் என்று கலியாண வீடுகளில் கதை கதையாகச் சொல்லுவார்.

தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். என்னவென்று கேட்பது? கொடுத்த மச்சத்தைத் திருப்பிக் கேட்ட செத்தவீட்டை உலகத்தில் யார் கண்டது?

புதனும் வியாழனும் அப்படியே போயின. சனம் வந்து தேவாரம் படித்தது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீதியில் வெள்ளைக் கார் எது நின்றாலும் அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று எழும்பி நின்று விம்மினாள். கணவனுக்காக அழுகிறாள் என்று சனம் முதுகைத் தடவியது. அவருக்காக அழக்கூட அந்தப் பயம் இடம் விடவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

எல்லாம் யோசித்தாள். பாம்புகளை ஒரு பையில் போட்டு ரூங்காபி ஓடைக் கரையில் விட்டுவிடலாம். ஆனால் அதைவிடப் பாவம் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். குளிரில் அவை சாகும், சாகாவிட்டால் இந்த ஊர்த் தவளை பல்லி எல்லாம் சாகும். முட்டைப் பெட்டியின் சூட்டை நிறுத்திவிடலாம். அதற்காக ஒருதரம் உள்ளே போய் மின் ஆளியில் விரலையும் வைத்தாள். பெட்டி மூடியைத் திறந்து பார்த்தபோது ஒரு முட்டையில் பிளேட்டால் கீறியது போல ஒரு வெட்டு. அதற்குள் ஏதோ அசைந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, வேறு எவரும் வரும் முன்னம், மரியமலர் வந்தாள். கையில் ஐஸ் பெட்டி. வெளியே காருக்குள் சூசைதாசன் வேலைச் சீருடையோடு இருப்பது யன்னலால் தெரிந்தது.

மரியமலர் கதவைச் சாத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"பிள்ளை, றால் கழுவுவமெண்டு தண்ணியில போட்டன். அதுக்குக் கண் இருந்தது. வாலும் இருந்தது." குரலைத் தாழ்த்தி, "உன்ர மனுசன் மருந்துக்கு ஏதும் சாப்பிட்டவரோ?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். செத்த மனிதன் களவாக எலிக்குஞ்சு தின்றான் என்று ஊர் நம்பப்போகிறதே என்று நினைத்ததும் ரஞ்சினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பொத்தியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் திறப்பின் பல் பதிந்திருந்தது. எழும்பிப் போய்ச் சிற்றறையைத் திறந்து காட்டினாள்.

மரியமலர் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் கேட்டாள். விசாக் கதையையும் ரஞ்சினி சொன்னாள். சொல்லி முடித்து, "சூசைதாசன் அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா" என்றாள்.

"எலியெண்டு முதல் கண்டுபிடிச்சதே அவர்தான். பாம்புச் சாப்பாடு எண்டும் அவர்தான் சொன்னவர். எனக்குத்தான் நம்பிக்கை வரேல்லை. ரெண்டு நாளைக்கு முன்னமே கண்டிட்டம். உன்ர முகத்தைப் பாத்துக் கேக்கத் துணிவு வரேல்லை."

சூசைதாசன் உள்ளே வந்தார். கருவாட்டுக் கதைகள் சொல்லுகிற மனிதராகத் தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, மெல்லிய குரலில் பேசினார். தானாகக் கொண்டுவந்து ஒப்படைக்கிறவர்களை ஒரு மாதிரியும் பிடிபட்டவர்களை இன்னொரு மாதிரியும்தான் அங்கே பார்ப்பார்கள், நான் கண்டிருக்கிறேன் என்றார். ஆனால் சத்தியம் பண்ணமாட்டேன், நான் பொதி இறக்குகிறவன் மட்டும்தான் என்றும் சொன்னார். "நான் போன் அடிச்சால் காட்டிக்குடுத்தவன் ஆயிடுவன், தங்கச்சி. நீங்கதான் அடிக்க வேணும்."

அவள் குவாறன்ரீன் இலக்கத்தை அழுத்தினாள். பெயர் கேட்டார்கள். மரியமலர் அவள் முழங்காலில் கைவைத்துக்கொண்டிருந்தாள். ரஞ்சினி தன் பெயரைச் சொன்னாள்.

மத்தியானம் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் வந்தார்கள். வெள்ளைக் கார்தான். பெண் அதிகாரி முதலில் அனுதாபம் சொன்னார். பிறகு கையுறை போட்டார். ரஞ்சினி ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: இது பொலிசுக்குப் போகுமா? நீங்களாக அழைத்ததால் போகாது என்றார் அந்தப் பெண். அதை எழுதித் தரமுடியுமா என்று ரஞ்சினி கேட்டாள். அவர் ஒரு தாளில், தானாக ஒப்படைத்தவர் என்று எழுதி, அடியில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நம்புவதா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் அன்றுதான் மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

இவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது அந்தப் பெண் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதில் கவனமாக இருந்தார். வேறு ஒருவர் தீர்மானிப்பார் என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக மீன்பெட்டி. மூடியைத் திறந்தார்கள். வெட்டு விழுந்த முட்டை இப்போது வெறும் கோது. பக்கத்தில், ஈர மணலில், ஒரு சுண்டுவிரல் தடிப்பில், மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது. சாம்பல் என்று சொல்லமுடியாது, ஊதாதான். கண் இரண்டும் மாதுளம்முத்து. ஆண் அதிகாரி குனிந்து பார்த்து மெல்லச் சீட்டியடித்தார்.

நிழல் பட்டதும் அது இத்தனூண்டு கழுத்தை விரித்துச் சீறியது. பிறகு துடித்து, புரண்டு, மல்லாந்து, வாயைப் பிளந்தது. நூல் போன்ற நாக்கு தொங்கியது.

செத்துவிட்டதா என்று மரியமலர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

இத்தனை நாளில் ஒரு பாம்பையும் தொட்டிராத ரஞ்சினி விரலை நீட்டி அதை நிமிர்த்தி வைத்தாள். குளிர்ந்திருக்கும் என்று நினைத்தாள். அடைப்பெட்டிச் சூடு அதன் உடம்பில் இருந்தது. அது உடனே மறுபடியும் மல்லாந்தது.

"நடிக்கிறார்" என்றாள்.

பெண் அதிகாரி மூடியை எடுத்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று ரஞ்சினி ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அது எழும்பும்வரை ரஞ்சினி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.