காது மாறிப் போன சேதி

மந்திரம் என்றாலே ஜனங்களுக்குப் பூதமும் புதையலும்தான் நினைவுக்கு வரும். வாளைத் தூக்கிக்கொண்டு குகைக்குள் போகிறவர்கள் நாலு பேர் என்றால், ஊருக்குள் உட்கார்ந்து அன்றாட வேலைக்கு மந்திரம் போடுகிறவர்கள் நாலாயிரம் பேர். உடைந்த பானையை ஒட்டுகிறவர், பால் கெடாமல் குளிர் போடுகிறவர், சலவைக்கூடத்தில் காற்றைக் கூப்பிட்டுத் துணி உலர்த்துகிறவர். எங்களைப் பற்றி யார் பாட்டுக் கட்டப் போகிறார்கள்? கட்ட வேண்டாம் சாமி. வரிசையில் ஒழுங்காக நின்றால் அதுவே பெரிய புண்ணியம்.

நானும் அக்காவும் சேதி நிலையத்தில் சேதி ஊதுகிறவர்கள். கூடப் பிறந்தவள் இல்லை, வேலையில் மூத்தவள். அவள் இரண்டாவது இருக்கை, நான் மூன்றாவது. சேதி சொல்ல வந்தவர் எதிரே உட்கார்ந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்குச் சேதியோ அவர் முகத்தை நினைக்க வேண்டும். அந்த முகம் எங்கள் கண்ணுக்குள் வரும். ஒரே மூச்சில் சேதியைச் சொன்னால், எத்தனை காதம் தள்ளியிருந்தாலும் அது எங்கள் குரலிலேயே அவர் காதில் விழும். பதிலுக்கு அவருக்கும் ஒரு மூச்சு உண்டு. அவ்வளவுதான். ஒரு காது ஒரு நாளைக்கு ஒரு சேதிதான் வாங்கும். மறுநாள் சூரியன் வந்த பிறகுதான் மறுபடி திறக்கும். ராஜாவே வந்து கெஞ்சினாலும் இதில் மாற்றம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. மூச்சு வெளியே போகிற நொடியில் எங்கள் மனசில் எந்த முகம் இருக்கிறதோ, சேதி அந்த முகத்துக்குத்தான் போகும். அதனால் வீட்டுக் கவலையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவோம். அக்கா இருபத்திரண்டு வருஷமாக ஊதுகிறாள், ஒரு சேதி தவறியதில்லை. தொண்டைக்கு வெந்நீர்ச் செம்பு பக்கத்தில் இருக்கும், வாய் மட்டும் ஓயாது. "ஒரு மூச்சுதாம்மா இருக்கு. மாமியார் கதையெல்லாம் நேர்ல போய்ச் சொல்லிக்க!" என்று வரிசையையே சிரிக்க வைப்பாள்.

அவளுடைய மாமியார்க் கதைதான் சிரிக்கிற மாதிரி இல்லை. ஒரே பெண். அது மலைக்கு அந்தப் பக்கத்துச் சின்ன ஊரில் சலவைக்கூடத்தில் துணி உலர்த்துகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்தப் பையன் ஒரு தடவை வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது, தலை நிமிராமல் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மகளுக்கு வாரம் ஒரு தடவை ஊதுவாள், அவன் பேச்சை எடுக்க மாட்டாள். ஒரு தடவை சண்டையில் "போயும் போயும் அந்த ஈரத்துணிக்கா கழுத்தை நீட்டினே?" என்று கேட்டு, மகள் ஒரு மாசம் பதில் பேசாமல் இருந்தாள். எனக்கு அக்காவைப் பிடிக்கும். ஆனாலும் இந்த வீம்பு எனக்கு எரிச்சல்தான், இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் மகளிடமிருந்து கடிதம் வந்திருந்தது. மகளுக்கு எட்டாம் மாசம். கால் வீங்கியிருக்கிறது, தலை சுற்றுகிறது, படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். போன வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. அக்கா கடிதத்தை நாலு தடவை படித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, இன்னைக்கு லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"போயி? அடுப்பைப் பார்த்து அழவா? வேலையில இருந்தா மனசு ஒரு இடத்துல நிக்கும். நீ உன் வரிசையைப் பாருடி வாயாடி."

நிற்கவில்லை. இரண்டாம் மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு பெண் அழுதுகொண்டே அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். விடியற்காலையில் அவளுடைய அப்பா இறந்துவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்க்கிற தம்பிக்குச் சொல்ல வேண்டும். அக்கா அவள் கையைப் பிடித்தாள், கண்ணை மூடினாள், ஊதினாள். "அப்பா போயிட்டாரு. உடனே கிளம்பி வா."

அடுத்த நொடி அக்காவின் கை அந்தப் பெண்ணின் கையிலிருந்து நழுவியது. நான் எழுந்து ஓடினேன்.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"பதில்ல தம்பி குரல் வரலைடி. 'ஐயோ அம்மா, இதோ கிளம்பறேன்'னு என் பொண்ணு கத்தினா."

அக்கா மகளுக்கு அப்பா என்றால் உயிர். வைத்தியராவது, படுக்கையாவது? அந்த ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற குதிரை வண்டி மூன்றாம் மணிக்குக் கிளம்பும். மலைப்பாதை முழுக்கக் குண்டும் குழியும். நல்ல உடம்புக்காரர்களே அதில் வந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அவள் ஏறிவிட்டால் குழந்தையும் மிஞ்சாது, அவளும் மிஞ்சுவாளோ மாட்டாளோ. அவள் காதோ நாளைக் காலை வரை மூடிவிட்டது.

துறைமுகத்துத் தம்பிக்கு நான் ஊதிக் கொடுத்தேன். அந்தப் புண்ணியவதி ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. "முதல்ல உங்க பொண்ணைப் பாருங்கம்மா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் யாருக்காவது யாரையாவது தெரியுமா என்று வரிசை முழுக்கக் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் சேதி நிலையமும் கிடையாது.

"மாப்பிள்ளைக்கு ஊதுங்கக்கா! அவர் காது திறந்துதானே இருக்கு?"

"எப்படிடி ஊதுவேன்? முகம் தெரியாதே எனக்கு!"

"முகம் தெரியாதா? வாசல்ல வந்து நின்னாரே!"

"நிமிர்ந்து பார்த்தாத்தானே? அவன் செருப்புத்தான் எனக்குத் தெரியும். இடது கால்ல வார் அறுந்திருந்தது. செருப்புக்கா ஊத முடியும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்ட நேரமில்லை, அதனால் தப்பித்தாள். அக்காவின் வீட்டுக்காரர் பின்தெருவில் உடைந்த பானைகளுக்கு மந்திரம் போட்டு ஒட்டுகிறவர். எதற்கும் "சரி சரி" என்று தலையாட்டுகிற மனிதர். அவராவது அந்த முகத்தைப் பார்த்திருப்பாரோ என்று கடைக்கு ஓடி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"நான் செத்துட்டேனா?" என்று கேட்டார்.

"உங்க பொண்ணைப் பொறுத்தவரைக்கும் ஆமா மாமா. எழுந்திருங்க!"

களிமண் கையோடு நிலையத்துக்கு வந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். அவர் அவள் தோளைத் தொடப் போய், கை மண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு அவன் முகம் தெரியும்."

"என்னது?"

"மாசாமாசம் பானைக்கு மண்ணு வாங்கப் போறேன்னு போவேனே. அங்கதான் போவேன்."

"ரெண்டு வருஷமாவா? அப்ப மூட்டை மூட்டையா வந்த மண்ணு?"

"நம்ம கொல்லைப்புறத்து மண்ணுதான்."

வேறு நாளாக இருந்தால் கட்டடமே அதிர்ந்திருக்கும். அன்றைக்கு அக்கா அவர் பக்கம் கையைத்தான் நீட்டினாள். "நான் ஊதறேன், நீங்க பதறிப் போயிருக்கீங்க" என்றேன். கேட்கவில்லை. "உன் குரல் அவனுக்குத் தெரியாது, யாரோ விளையாடறாங்கன்னு நினைப்பான். என் குரல் தெரியும், திட்டு வாங்கியிருக்கானே. நான் சொன்ன பொய்யை நான்தான் திரும்ப எடுக்கணும்."

கண்ணை மூடினாள். திறந்தாள். "பொண்ணு முகம்தான் வருது." மறுபடி மூடினாள், மறுபடி மகள். இப்படியே ஊதினால் மூடின காதில் முட்டிப் பதில் இல்லாமல் போகும். அப்படி முட்டின மூச்சு மறுபடி ஊற அரை மணி நேரம் பிடிக்கும். மூன்றாம் மணிக்கு அவ்வளவு நேரம் இல்லை.

"ஏங்க, சும்மா முகத்தை நினைக்காதீங்க. அவன் ஏதாவது பண்ணதை நினைங்க" என்றாள்.

அவர் நினைத்தார். அக்காவின் இமை துடித்தது. அவள் பார்த்ததைப் பிற்பாடுதான் எனக்குச் சொன்னாள். அவன் தரையில் உட்கார்ந்து, மகளின் வீங்கின கால் இரண்டையும் மடியில் வைத்து, சலவைக்கூடத்தில் துணிக்கு விடுகிற அதே வெதுவெதுப்பான காற்றை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தானாம். விட்டுக்கொண்டே மாமனாரை நிமிர்ந்து பார்த்து, பல் தெரியச் சிரித்தானாம். வேலை முடிந்து வந்த களைப்பு அப்படியே முகத்தில் இருந்ததாம்.

ஊதினாள். "நான் உன் மாமியார். அவ அப்பா உயிரோட இருக்காரு, சேதி தப்பு, தப்பு என்னோடது. அவளை வண்டி ஏற விடாதே. அவ நம்பலைன்னா, அம்மா என்னை ஈரத்துணின்னு சொன்னாங்கன்னு சொல்லு."

பதில் வந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "'அத்தையா? நான் கூடத்துல இருக்கேன், இதோ ஓடறேன் அத்தை'ன்னான். அப்புறம் ஓடற சத்தம்தான். மூச்சு முடிஞ்சு போச்சு."

அவன் காதும் மூடிவிட்டது. சலவைக்கூடம் ஊரின் ஒரு கோடி, வண்டி நிற்கிற இடம் இன்னொரு கோடி என்று மாமா சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர்க் கோபுரத்தில் மூன்றாம் மணி அடித்தது. அக்கா ஒவ்வொரு அடிக்கும் கண்ணை இறுக்கி மூடினாள். அன்றைக்கு அவளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும், இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததும் சொல்லி மாளாது.

மறுநாள் சூரியன் எட்டிப் பார்க்கும்போது நான் சாவியோடு நிலையத்து வாசலில் நின்றேன். அவர்கள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். அக்கா தன் இருக்கையில் உட்கார்ந்தாள், சேதி சொல்ல வருகிறவர்கள் உட்காரும் பலகையில் மாமா உட்கார்ந்தார். மகள் முகத்துக்கு யார் கையும் தேவையில்லை. ஆனாலும் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா நல்லா இருக்காரு. எங்கேம்மா இருக்கே? வயித்துல எப்படி இருக்கு?"

நாங்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணைத் திறக்காமல் கேட்டாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. நல்ல தண்ணீரா கெட்ட தண்ணீரா என்று தெரியாமல் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சொல்லுடி, என்னன்னு சொல்லு" என்றார் மாமா. அவர் அவளை 'டி' போட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்.

வந்த பதிலை எதிரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையின் சட்டம். அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். தொண்டையைச் சரிசெய்தாள்.

"'வீட்லதான் படுத்திருக்கேன். குழந்தை உதைக்குது. அப்பாவை உடனே அனுப்பு, இனிமே கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன். உன்னையும் கூட வரச் சொல்லி இவர் சொல்றாரு. நான் சொல்லலை.'"

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை விட்டிருக்கலாம். நாங்கள் யாருக்குச் சொல்லப் போகிறோம்? விடவில்லை. சொல்லிவிட்டு எழுந்து, காலை வண்டி எங்கே நிற்கும் என்று அவரிடம் கேட்டாள்.