எது அடித்தது?

கண்ணை மூடிக்கொண்டு மார்புக் கவசத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறார் கிளென்னா ஸ்டோவல். ஏழாவது பூச்சும் காய்ந்துவிட்டது. எங்கேயோ மணல் அளவுக்கு நெருடுகிறது. "விரல் ஏமாந்துடும், கன்னம் ஏமாறாது" என்று முணுமுணுத்துக்கொண்டே உப்புத்தாளை எடுத்து மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். அமெரிக்காவின் துல்சா நகரில் இருக்கும் அவர் வீட்டு ஷெட்டில் காருக்கு இடமில்லாமல் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

கவசம் என்றால் இரும்பு இல்லை, போர்வீரர் வேஷத்துக்குப் போடுவது. சூடு காட்டினால் இளகும் பழுப்பு நிற பிளாஸ்டிக் தகடு. நடுவில் ஃபோமை வைத்து இரண்டு தகடுகளை ஒட்டி, சுடுகாற்று ஊதும் ஹீட் கன்னால் சூடேற்றி, சப்பாத்தி மாவுப் பதத்தில் இருக்கும்போதே முழங்காலில் போட்டு வளைப்பார். இவரிடம் தோள்கவசம் செய்துகொண்டவர்கள் எல்லோருக்கும், அவரவர் தோள் எப்படி இருந்தாலும், வளைவு என்னவோ கிளென்னாவின் முழங்கால்தான். பிறகு மரத்தச்சர் பசையை ஏழு தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் தேய்த்து, கருப்பு அடித்து, ஏறக்குறைய காய்ந்துவிட்ட தூரிகையால் மேடுகளில் மட்டும் வெள்ளி நிறத்தைத் தொட்டுத் தொட்டு எடுப்பார். தட்டிப் பார்க்காதவரை இரும்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வார நாட்களில் அவருக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அடிபட்ட கார்களைப் பார்த்து, எது அடித்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழை பெய்தால் போதும், அலுவலக வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அதில் நாலைந்து பேராவது சுத்தியலால் தாங்களே தட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். கிளென்னா குனிந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மிக மரியாதையாகக் கேட்பார்: "ஆலங்கட்டி மேலேர்ந்துதானே சார் விழும்? உங்க கதவுக்கு அடியில எப்படி வந்து அடிச்சுது?" கேட்டபடியே படிவத்தில் 'சுத்தியல்' என்று எழுதிவிடுவார்.

இந்தப் புத்தி ஷெட்டுக்கும் கூடவே வருகிறது. போரில் பட்ட அடி என்று அவர் கவசத்தில் சும்மா ஒரு கீறல் விழாது. எது அடித்தது, எந்தப் பக்கத்திலிருந்து, அடித்த ஆள் எப்படிப்பட்டவன் என்று தீர்மானித்த பிறகுதான் கத்தி வைப்பார். உடனே காதில் செருகியிருக்கும் கருப்புப் பேனாவை உருவி, அந்த இடத்துக்கு நேராக உட்புறத்தில் எழுதிவிடுவார்: "கோடரி. இடப்பக்கத்திலிருந்து. உயரமான ஆள்." போட்டுக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியாதே என்றால், "எனக்குத் தெரியணும்ல" என்பார்.

நகரில் வருடா வருடம் நடக்கும் வேஷப் போட்டியில் மூன்று முறை இவருக்கு இரண்டாம் பரிசு. அந்த மூன்று கோப்பைகளிலும் தூரிகைகளை நிறுத்தி வைத்திருக்கிறார். இந்த வருடம் முதல் பரிசு எனக்குத்தான் என்று அலுவலகத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியும்விட்டார். எட்டு மாத உழைப்பு. அவருக்கே தெரியும், இதைவிட நன்றாக யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று.

போட்டி நாள், ஜூலை மாதச் சனிக்கிழமை. காலையில் வேனைப் போட்டி நடக்கும் ஓட்டல் கட்டடத்தின் நிழலில் நிறுத்திவிட்டுப் பெயர் பதியப் போனார். வரிசை நீண்டது. பதினோரு மணிக்குத் திரும்பி வந்தால் வேன் இருந்தது, நிழல் இல்லை. ஜன்னலோரம் இருந்த இடது தோள்கவசம் இளகித் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் கவசத்தைக் காரில் விடுகிறவர்களைப் பற்றி கிளென்னா எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நடுவர்கள் கூப்பிட ஐம்பது நிமிடம் இருந்தது.

சாமான் தூக்க வந்திருந்த பக்கத்து வீட்டு பிளம்பர் டுவெயின் எட்டிப் பார்த்தார். "அம்மா தாயே, பதறாத. கதாயுதம் விழுந்துச்சுன்னு சொல்லிடு. கொஞ்சம் கருப்பு தேச்சுவிட்டா எவனுக்குத் தெரியப்போவுது?"

"அடி பட்டா உள்ள குழியும், டுவெயின். இது ஈரத்துணி மாதிரி தொங்குது. எந்த எதிரி இவ்ளோ பொறுமையா அடிப்பான்?"

ஓட்டல் வராண்டாவில் ஹீட் கன்னைச் சொருகி, தரையில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து அழுத்தினார். வளைவு சொன்னபடி கேட்டுத் திரும்பியது. பூச்சு கேட்கவில்லை, செதில் செதிலாக உரிந்து வந்தது. டுவெயின் ஓடிப்போய் வெள்ளி ஸ்ப்ரே ஒன்று வாங்கி வந்து நீட்டினார். கிளென்னா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஏழு பூச்சுக்கு மேல் நிற்க வேண்டிய நிறத்தை வெறும் தகட்டில் அடிக்க அவருக்குக் கை வரவில்லை. மிச்சமிருந்த பூச்சையும் சுரண்டி எடுத்து, பழுப்புத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, அப்படியே மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

உடம்பெல்லாம் வெள்ளி, ஒரு தோள் மட்டும் பழுப்பு. நடுவர்களில் மூத்தவரான லூப்பே அரிஸ்மெண்டி, மார்பில் ஒரு வெட்டைத் தொட்டு எது அடித்தது என்றார். கோடரி, என்றார் கிளென்னா. இடுப்பில் ஒரு குழி. குதிரையிலிருந்து விழுந்தது. முன்கையில் ஒரு கோடு. தன் கத்தியே வழுக்கியது. ஒவ்வொன்றுக்கும் டாண் டாண் என்று பதில் வந்தது. கடைசியில் லூப்பேயின் விரல் அந்தப் பழுப்புத் தோளில் வந்து நின்றது.

"இத எது அடிச்சுது?"

கூட்டத்தில் நின்ற டுவெயின், கதாயுதம், கதாயுதம் என்று வாயசைத்துக்கொண்டிருந்தார். கிளென்னா தோள்கவசத்தின் வாரை அவிழ்த்து, அதைக் கவிழ்த்துப் பிடித்தார். காதிலிருந்த பேனாவை உருவினார். நிதானமாக எழுதி முடித்து, மை காய ஒரு முறை ஊதிவிட்டு, நடுவர் கையில் கொடுத்தார்.

"வெயில். ஜன்னல் பக்கத்திலிருந்து. வண்டியை நிறுத்தியது நான்."