பாயில் உட்கார்ந்த பன்னிரண்டு பேர்

இன்று காலை களக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் கிறிஸ்தவ சபைக்கு இங்கிலாந்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாருமே எழுபதைத் தாண்டியவர்கள்.

நாங்கள் எப்போதும் பாயில்தான். அவர்களுக்காக முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தோம். "வேண்டாம், உங்களோடே உட்காருகிறோம்" என்று அவர்களும் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். அதைச் சபைக்கு மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான்.

"எல்லாரும் எழும்பி நின்னு பாடுவோம்" என்றார் போதகர்.

சபை எழும்பியது. விருந்தாளிகளால் முடியவில்லை. ஒருவர் தூணைப் பிடித்தார். இன்னொருவர் என் வேட்டியைப் பிடித்தார்.

போதகர் என் முகத்தைப் பார்த்தார். "சபையார் உக்காருங்க. இன்னைக்கு முழுக்க உக்காந்தே ஆராதிப்போம்."

பாட்டு, ஜெபம், விசுவாசப்பிரமாணம் எல்லாமே உட்கார்ந்தபடிதான். மூட்டுவலியோடு வாராவாரம் எழும்பி எழும்பி உட்காரும் ஞானதாஸ் அண்ணாச்சியின் முகத்தில் பரலோகமே தெரிந்தது.

கடைசியில் விருந்தாளிகளை ஒருவருக்கு இரண்டு பேராகத் தூக்கி நிறுத்தி வேனில் ஏற்றிவிட்டு, நாற்காலிகளை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, ஒண்ணை அங்கனயே போட்டு வை. அடுத்த வாரம் நானும் வெள்ளைக்காரன்தாம்லே."

உங்கள் சபையில் இப்படி எத்தனை வெள்ளைக்காரர்கள்?