இரண்டு முறை ஆடிய முதல் ஆட்டம்

லண்டனில் எங்கள் ஈழத்தமிழ் ஆட்களுக்குக் கிரிக்கெட் கழகம் இருக்கிறது, உதைபந்தாட்டக் கழகங்கள் ஊருக்கொன்று இருக்கின்றன, கரம் பலகைப் போட்டிகூட நடக்கிறது. சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் ஒரு கூடைப்பந்து அணி மட்டும் இல்லை. பட்டப்படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த கையோடு, அதை நாங்களே தொடங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு இப்படி ஏதாவது தோன்றினால் வீட்டில் எல்லோருக்கும் வேலை வந்துவிடும்.

முதலில் மாட்டிக்கொண்டவர் அண்ணை, பெரியப்பாவின் மகன். பாரிஸில் வளர்ந்தவர், கதவுநிலையில் குனிந்து நுழையும் உயரம், அங்கே ஒரு சின்னக் கழகத்துக்கு உண்மையாகவே சம்பளத்துக்கு ஆடியவர். கல்யாணம் செய்து லண்டனில் மோர்டனுக்கு வந்திருந்தார். அவரை அணித் தலைவராக்கினேன். அவரோ நிபந்தனை வைத்தார்.

"பழைய கிளப் என்னைக் கோச்சா வரச் சொல்லுது. லீக்கில எங்களுக்கு இடம் கிடைச்சால் நிக்கிறன். இல்லாட்டி நானும் அண்ணியும் பாரிசுக்குப் போறம்."

நாங்கள் விண்ணப்பித்தது தொழில்முறை லீக்கின் கடைசிப் பிரிவுக்கு. அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: வேறோர் அணியுடன் ஒரு ஆட்டம் நடத்த வேண்டும், அதன் முழு வீடியோவை வெட்டாமல் அனுப்ப வேண்டும்.

கிங்ஸ்பரியில் ஒரு பள்ளி மண்டபம் பிடித்தோம். ஸ்ட்ரெதமிலிருந்து ஓர் அணி ஆட வர ஒப்புக்கொண்டது. வீடியோவுக்கு, எங்கள் குடும்பத்தின் கல்யாணங்களையும் பூப்புனித நீராட்டுச் சாமத்திய வீடுகளையும் எடுத்துத்தந்த மாமாவைக் கூப்பிட்டோம். அம்மா வாட்ஸ்அப்பில் விடுத்த அழைப்புக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பட்டுச்சேலைகூட வந்தது.

கடைசி நொடியில் அண்ணை மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கியது. வென்றோம்! மண்டபமே எழும்பி நின்று கத்தியது.

அன்று மாலை வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். தொடக்கத்தில் ஆட்டம் இருந்தது. பிறகு கமெரா மெல்லத் திரும்பி முதல் வரிசைக்குப் போனது. ஒவ்வொரு குடும்பத்தின் முன்னாலும் நின்றது, எல்லோரும் சிரிக்கும்வரை காத்திருந்தது, அடுத்த குடும்பத்துக்கு நகர்ந்தது. அண்ணையின் அந்தக் கடைசிப் பந்து பறந்த நேரத்தில் திரையில் ஒரு மாமி மட்டன் ரோல் கடித்துக்கொண்டிருந்தார், ஸ்லோ மோஷனில்.

"மாமா, பந்து எங்க?"

"பந்து எங்க பிள்ளை போகும்? கூடைக்குள்ளதானே. வந்த ஆக்களை ஆர் எடுக்கிறது? ஒரு குடும்பத்தை விட்டாலும் பிறகு என்னோட கதைக்கமாட்டினம்."

அண்ணை சிரிக்கவில்லை. "நல்ல வீடியோ. பாரிசில போட்டுப் பாப்பம்," என்றார்.

லீக்கிடம் கெஞ்சி இன்னும் ஒரு வாரம் வாங்கினேன். ஸ்ட்ரெதம் அணித் தலைவரிடம் மறுபடியும் ஆட வருவீர்களா என்று கூச்சத்தோடு கேட்டேன். அந்த ரோல்ஸ் இருக்குமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

'இந்தமுறை ஆக்களை எடுக்கமாட்டம், ஆட்டத்தை மட்டும்தான்' என்று அம்மாவின் குழுவில் போட்டேன். பாதிப் பேர் வரவில்லை. கமெராவை மேல்படியில் முக்காலியில் பூட்டினோம். தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு மாமா அதன் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்தார். இடைவேளைக்குள் அவருக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. "ரெஃப்ரி! கண் தெரியேல்லையோ? தள்ளிப்போட்டான், தள்ளிப்போட்டான்!" லீக்குக்குப் போன வீடியோவில் பாதி அவர் குரல்தான்.

நாங்கள் தோற்றோம். கொஞ்சநஞ்சமாக இல்லை, நன்றாகவே தோற்றோம். முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை, ஒரு வெட்டும் இல்லாமல், அத்தனை தோல்வியும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் அனுப்பிவைத்தேன்.

யார் வென்றார்கள் என்பது லீக்குக்குப் பொருட்டே இல்லையாம். இவர்களுக்கு ஒழுங்காக ஒரு ஆட்டம் நடத்தத் தெரியுமா என்றுதான் பார்த்திருக்கிறார்கள். பதில் வந்தபோது நான் ரயிலில் இருந்தேன். அண்ணைக்குப் போன் எடுத்து அதைச் சத்தமாக வாசிக்க, பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அப்ப, இடம் தந்திட்டாங்களோ?"

"ஓம் அண்ணை!"

அந்தப் பக்கம் அண்ணியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அண்ணி சிரிப்பது கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பி வந்தார்.

"செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ். இப்பிடித் தோக்கிற டீமுக்கு நிறைய வேலை கிடக்கு. நீ போய் மண்டபக் கதவுத் திறப்பை வாங்கி வை."