சுவரில் சாயாமல் எறிந்த பந்து

சென்ற ஆண்டு ஆடி மாதம், திருச்சி தில்லை நகரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் நடந்தது இது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை. ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறேன்.

ஆறு வருடம் படுக்கையில் கிடந்த அம்மா அப்போதுதான் இறந்திருந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்தது, குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் நான்தான். அவர் போன பிறகு வலது தோளில் வலி ஆரம்பித்தது. ஒருநாள் மேல் தட்டில் வைக்கப்போன தடித்த அகராதி கை நழுவி, கீழே உட்கார்ந்திருந்த மாணவியின் தலையை உரசிக்கொண்டு விழுந்தது. பயந்துபோய் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய், அம்மாவைத் தூக்கிப் பார்த்துக்கொண்டதையும் சொன்னேன்.

ஒன்றரை மாதத்தில் வலி குறைந்தது. "இனி வெயிட் தூக்கலாமான்னு ஒரு டெஸ்ட் பண்ணிடலாம் மேடம்" என்றார் அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்.

சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்காரச் சொன்னார். கனமான ஒரு பந்தை மார்போடு பிடித்து, இரண்டு கையாலும் எறிய வேண்டும். நான் நினைத்ததைவிடத் தூரமாகவே போனது. எனக்கே பெருமை. அடுத்து, சுவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து எறியச் சொன்னார். பந்து என் காலடியிலேயே விழுந்தது. நான் பின்பக்கம் சாயப்போக, அவர் ஓடிவந்து பிடித்தார்.

"தோள்ல பலம் இருக்குங்க. வயிறும் முதுகும்தான் தாங்க மாட்டேங்குது. அது தாங்கலைன்னா மொத்த பாரத்தையும் தோளே இழுத்துக்கும். அம்மாவைத் தூக்கும்போது கூட யாரு பிடிச்சாங்க?"

"யாருமில்லீங்க."

"ஆறு வருஷமுமா?"

துக்கம் கேட்க வந்தவர்கள்கூட இதைக் கேட்டதில்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவரும் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பந்தைக் கையில் கொடுத்து, "வீட்டுல யாரையாவது எதிர்ல உட்கார வச்சுப் பண்ணுங்க" என்று அனுப்பினார். யாரும் இல்லையென்று சொல்லக் கூச்சம், தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரம் தனியாகவே எறிந்தேன். ஒவ்வொரு முறையும் பந்து அம்மாவின் காலிக் கட்டிலுக்கு அடியில் போய் நிற்கும். குனிந்து எடுத்து வந்து மறுபடி எறிவேன்.

எட்டாவது நாள், எதிர் பிளாட்டின் மணியை அடித்தேன். அங்கிருக்கும் அக்கா, அம்மா இருந்த காலத்தில் எத்தனையோ முறை உதவட்டுமா என்று கேட்டவர். நான்தான் "பரவாயில்லைக்கா, பார்த்துக்கறேன்" என்று கதவைச் சாத்திவிடுவேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? வாங்க" என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

இப்போது தோள் சரியாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்து பந்து பிடித்துவிட்டு அக்கா கிளம்பிய பிறகு வீடு பழையபடி அமைதியாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குச் செய்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஆறு வருடமும் அக்கா எட்டடி தூரத்தில்தான் இருந்தார், கூப்பிடாமல் இருந்தது நான்தான் என்பது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.